தீவுக்குக் காப்பு கட்டுனவன்

நம்புறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க நின்னுக்கிட்டுக் கேளுங்க. ரெண்டு பேருக்கும் கதை ஒண்ணுதான், நிக்கிறவங்களுக்குக் கால் மட்டும் வலிக்கும்.

சுமத்ராவுல, மேடான் பட்டணத்துக்கு வடக்கால, மஞ்சளாறு கடல்ல போயி விழுகிற எடத்துல நம்ம ஆளுங்க நூத்தி இருவது குடும்பம் இருக்கிற கம்பம் ஒண்ணு உண்டு. டச்சுக்காரன் பொகையிலைத் தோட்டம் போட்டப்ப நாகப்பட்டணத்துல கப்பல் ஏத்திக் கொண்டாந்து எறக்கின சனம். பொகையிலை போயி ரப்பர் வந்து, டச்சுக்காரன் போயி சப்பான்காரன் வந்து, சப்பான்காரன் போயி சொதந்தரம் வந்து, ரூவா ஒரு வருஷம் வெறுங்காயிதமாப் போயி திரும்பவும் ரூவாயா மாறி, ரப்பர வெட்டிட்டுச் செம்பனைய நட்டு, எது போயி எது வந்தாலும் இந்தச் சனம் மட்டும் சேத்துல ஊண்டின மூங்கிலாட்டம் நின்ன எடத்துலயே நின்னுச்சு.

அந்தக் கம்பத்துல படகு விடுறவன் வைரக்கண்ணு. அம்பத்தாறு வயசு, பொண்டாட்டி செத்து எட்டு வருஷம். கோயில் பூசாரி போன் ரிப்பேர் கடை வைக்க மேடானுக்குப் போயிட்டதால, முத்துமாரி திருவிழாவுக்குக் காப்பு கட்டுற வேலையும் இவன் தலையிலதான் விழுந்துச்சு. ஆனா ஊருக்குள்ள அவன் பேரெடுத்தது படகுக்கும் இல்ல, பூசைக்கும் இல்ல. வாய்க்கு. அடுத்தவன் வஞ்ச வசவ எடுத்து வைய மாட்டான், எல்லாமே சொந்தத் தயாரிப்பு. சில்லறை இல்லாம படகுல ஏறுறவன "ஓட்டப் படகுக்குப் பொறந்த ஒடஞ்ச துடுப்பே"ம்பான். அசந்து நடக்கிறவன "நண்டு கடிச்சும் முழிக்காத கழுத"ம்பான். சனங்க காசு குடுத்துக் கேக்காத குறைதான்.

அந்த வாய்தான் அவன் ஒத்தப் பையனையும் ஊர விட்டுத் தொரத்துச்சு. கெழக்குக் கோடியில நிக்கல் சொரங்கத்துல நல்ல சம்பளம், போறேன்னு நின்னான் குணசீலன். ஒரே நாடுதான், ஆனா பதினேழாயிரம் தீவு தாண்டிப் போகணும். இங்க சனம் எந்திரிச்சுப் பல்லு வெளக்குறப்ப அங்க பள்ளிக்கூடத்துல ரெண்டாவது மணி அடிச்சிருப்பாங்க, ரெண்டு மணி நேரம் முந்தின ஊரு. "போறியா? போ. நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தக் கரையில நீ கால் வைக்கக் கூடாது"ன்னுட்டான் வைரக்கண்ணு. அவனும் அதே வாய்க்குப் பொறந்தவன்தான? "வச்சா கேளு"ன்னுட்டுப் போயிட்டான். அஞ்சு வருஷம் ஆச்சு. போனும் இல்ல, பொகையும் இல்ல.

இப்படி இருக்கையில, மாசி மாசம் ஒரு செவ்வாக்கெழம காலையில, காப்பிக்கடை அங்கம்மா அடுப்புச் சாம்பலக் கொட்ட ஆத்தோரம் போனா. போனவ சாம்பல் கூடையோட அப்படியே திரும்பி வந்து, படகுல குந்தியிருந்த வைரக்கண்ணுவப் பாத்து, "ஏய் வைரம், ஆத்துவாயில ஒரு தீவு வந்து நிக்குது. உனக்குப் போட்டி போலருக்கு"ன்னா.

நெசந்தான். ஆத்துவாயில, நேத்துச் சாயங்காலம் வரைக்கும் வெறுந்தண்ணியா இருந்த எடத்துல, ஒரு தீவு. நம்ம கோயில் மைதானம் மாதிரி பத்து சேத்து வச்சாப்புல இருக்கும். மேல சுண்ணாம்பு அடிச்ச சின்னதா ஒரு சர்ச்சு, பதிமூணு வீடு, முந்நூறு ஜாதிக்கா மரம், ஆறு ஆடு, ஒரு கல்லறைத் தோட்டம். நாப்பத்தி மூணு பேரு கரையோரம் வரிசையா குந்திக் கால ஆட்டிக்கிட்டு நம்ம கம்பத்தப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, என்னமோ நாமதான் புதுசா வந்து நிக்கிற மாதிரி.

"சாப்டீங்களா?"ன்னு கத்தினா அங்கம்மா, நாட்டு பாஷையில.

"அப்பவே ஆச்சு"ன்னு பதில் வந்துச்சு. பின்ன? அவங்க கடியாரத்துல மணி எட்டரை.

எங்க இருந்துன்னு கேட்டதுக்குக் கெழக்குக் கோடின்னாங்க. ஏன்னு கேட்டதுக்கு, பக்கத்துத் தீவ நிக்கலுக்காகத் தோண்டித் தோண்டி அந்தச் செம்மண் தண்ணி இதோட காலச் சுத்தி நின்னுச்சாம், ரெண்டு வருஷம் பொறுத்துப் பாத்துச்சாம், ஒரு நாள் ஒதறிக்கிட்டுக் கெளம்பிருச்சாம். அவ்வளவுதான். கம்பத்துல யாரும் அதுக்கு மேல கேக்கல. கப்பல் ஏறி வந்த சனத்துக்கு, எடத்த விட்டுக் கெளம்புறது என்ன புதுசா?

ஒரு வாரத்துல எல்லாம் பழகிப் போச்சு. தீவுக்கோழி நடுச்சாமம் முடியறதுக்குள்ள கூவுச்சு, அங்கம்மா அதுக்கேத்த மாதிரி கடைய ரெண்டு மணி நேரம் முன்னாடியே தெறந்து ரெட்டை யாவாரம் பாத்தா. அவங்க ஜாதிக்கா ஊறுகா கொண்டாந்தாங்க, இவங்க மீன்கொழம்புல அத அரைச்சுப் போட்டுப் பாத்துட்டு, இத்தன நாளா எத நம்பிக் கொழம்பு வச்சோம்னு பேசிக்கிட்டாங்க. தீவுல ஒரு பெருசு, "இந்தக் காய்க்காகத்தான் டச்சுக்காரன் எங்க ஆளுங்களக் கொன்னான்"னு சொல்ல, நம்ம பெருசு ஒண்ணு, "எங்களக் கொல்லல, பொகையிலை கிள்ள வச்சான்"னு சொல்ல, ரெண்டும் ஒரே மொதலாளிகிட்ட வேலை பாத்த பழைய ஆளுங்க மாதிரி அவனத் திட்டிக்கிட்டே ஒரு கலயத்தக் காலி பண்ணுச்சுங்க.

வைரக்கண்ணுவுக்குத்தான் பழகல. மொத நாளே அவன் படக ஓட்டிக்கிட்டு அங்க போனான், ஆளுக்கு எவ்வளவு வாங்கலாம்னு பாக்க. படகக் கட்டிட்டு நிமுந்தப்ப ஒரு வீட்டுக்குப் பின்னால ஒரு பொம்பளக் குரல், நல்ல தமிழ்ல, "ஓட்டப் படகுக்குப் பொறந்த ஒடஞ்ச துடுப்பே!"ன்னு போட்டுச்சு ஒரு அதட்டு, "சேத்துல எறங்காத!"ன்னு நாட்டு பாஷையில முடிச்சுச்சு.

வைரக்கண்ணு தூக்குன கால எறக்காம நின்னுட்டான். அந்த வசவு இந்த ஒலகத்துல ஒருத்தன் வாயில மட்டும் இருந்தது. அவன் வாயில.

சுத்திப் போயிப் பாத்தான். சுருட்ட முடி, கறுத்த மேனி, இருவத்தஞ்சு வயசுப் பொண்ணு. அவ எதுக்க, முழங்கால் வரைக்கும் சேறோட, ரெண்டு வயசுப் பொட்டப்புள்ள ஒண்ணு. அந்தப் புள்ளைக்குக் காது ரெண்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு பாய் கட்டுன மாதிரி இருந்துச்சு. வைரக்கண்ணுவுக்கும் அதே காதுதான். ஊருல அவன 'ரெட்டப்பாய்'னே கூப்புடுவாங்க.

"இந்தத் தமிழ் யாரு சொல்லிக் குடுத்தது?"ன்னான், நாட்டு பாஷையில.

"என் வீட்டுக்காரரு."

"வேற என்ன தெரியும்?"

"நண்டு கடிச்சும் முழிக்காத கழுத. அப்பறம், பொணத்துக்கு வெத்தல மடிக்கிறவன். அவ்வளவுதான். தமிழ்னா இதுதான்னாரு." அவ பேரு யூலியானா. "ஏன், வேற இருக்கா?"

"புள்ள பேரு?"

"வைரா."

அஞ்சு வருஷமா கோவத்துல இருந்த பய, புள்ளைக்கு யாரு பேர வச்சிருக்கான் பாருங்க. வைரக்கண்ணு புள்ளயத் தூக்குனான். அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் அந்தப் புள்ளய மடியில வச்சுக்கிட்டு குந்தியிருந்தான், படகுக் கூலி கேக்கவே மறந்துட்டான். அத வச்சுத்தான் ஊருக்கே விசயம் தெரிஞ்சுச்சு.

மூணாம் நாள் போன் வந்துச்சு.

"அப்பா." அஞ்சு வருஷம் கழிச்சு அந்தக் குரல். "என் தீவு அங்க நிக்குதாம்ல. வீடியோ பாத்தேன். ஓரத்துல உன் படகும் தெரியுது, இன்னும் பெயிண்டு அடிக்கல நீ."

"உன் பொண்டாட்டி புள்ளைக்கென்ன, நல்லா இருக்காங்க. நீ எங்கடா இருக்க?"

"சொரங்கத்துல ரெண்டு வாரம் ஷிப்டு முடிச்சுட்டு வந்து பாத்தா கடல்தான் இருக்கு. எதுத்த தீவுப் படகுத்துறையில ஒக்காந்திருக்கேன். அந்த எடத்தையே பாத்துக்கிட்டு."

"வா"ன்னு ஒரு சொல்லு. ஊருல நாய்க்குக் கூட அத்தன நீளமா வசவு தைக்கிறவனுக்கு அந்த ஒத்த எழுத்து நாக்குல ஏற மாட்டேங்குது. அதுக்குள்ள பையனே சொல்லிட்டான்: "அந்தக் கரையில நான் கால் வைக்க மாட்டேன், நீதான சொன்ன. தீவு மூச்சு வாங்கிட்டு என்னையத் தேடி வரும். நாங்க மொத்தம் நாப்பத்தி நாலு பேரு, ஒரு ஆளு கொறஞ்சா அது எங்கயும் தங்காது. நீ வேலயப் பாரு."

போன் வச்சுட்டான். வைரக்கண்ணு மடியில வைரா அவன் காதப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா, ரெண்டு கையாலயும், சொக்காயி தொங்குற கொடிய இழுக்குற மாதிரி. தேடி வரும்னான். அப்ப இந்தக் கையும் போயிரும். நாளைக்கோ நாளான்னைக்கோ, கோழி கூவி முடியறதுக்குள்ள.

இங்கதான் அவன் அந்தக் காரியத்தப் பண்ணினான்.

காப்பு கட்டுறதுன்னா என்னன்னு நம்ம சனத்துக்குச் சொல்ல வேண்டியதில்ல, அப்படியும் சொல்லிடுறேன். திருவிழா ஆரம்பிக்க மஞ்சக் கெழங்கு கோத்த கயித்த அம்மனுக்கும், ஊருக்குப் பொதுவா ஒருத்தர் கையிலயும் கட்டிட்டா, பதினஞ்சாம் நாளு அவுக்கிற வரைக்கும் எல்லைய விட்டு யாரும் போகக் கூடாது. கட்டுன கைதான் அவுக்கணும். கத்தி படக்கூடாது. அவுத்த காப்பு மண்ணத் தொடக்கூடாது. நாளு முடியறதுக்குள்ள அவுத்தா இன்னொரு கைக்கு ஏறணும். மீறுனா ஆத்தா அந்த வீட்டுலதான் எறங்குவா, அம்மையாவோ வேறயாவோ. மஞ்சளாத்துக் கம்பத்துல நூறு வருஷமா ஒருத்தன் மீறினது கெடையாது. டச்சுத் தொரை ஆளு அனுப்பிக் கூப்புட்டப்ப கூட, "காப்பு கட்டியாச்சு தொரை, அடுத்த மாசம் அடிங்க"ன்னு சொல்லி அனுப்புன ஊரு.

அடுத்த செவ்வாக்கெழம எல்லாருக்கும் முன்னால அம்மனுக்குக் காப்பு கட்டுனான் வைரக்கண்ணு. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொரு மஞ்சக் கயித்த இடுப்புல சொருவிக்கிட்டு தனியா தீவுக்குப் போனான். ஜாதிக்காத் தோப்புக்குள்ள நொழஞ்சு, கைக்குக் கெடச்ச ஒரு மரத்து அடியில, புல்ல வெலக்கி, கயித்தச் சுத்தி, பாட்டன் காலத்து வண்டிமாட்டு முடிச்சு ஒண்ணு போட்டான். மாடு இழுக்க இழுக்க எறுகுற முடிச்சு. "தாயே, இதுவும் இனி நம்ம எல்லை"ன்னான். புல்ல மூடிட்டு வந்துட்டான். யாருகிட்டயும் சொல்லல.

அதுக்கப்பறம் தீவு அசையல.

அசையலன்னா, அசையப் பாத்துச்சு. ஒவ்வொரு தடவ கடல் ஏறுறப்பவும் அது முக்குச்சு. சர்ச்சு மணி தானா லேசா ஆடுச்சு, ஆடுங்க கால மடக்கிக்கிட்டு அழுதுச்சுங்க, அடியில இருந்து தேர்ச்சக்கரம் சேத்துல மாட்டுன மாதிரி ஒரு மொனகல். அப்பறம் தண்ணி வடிஞ்சா அடங்கிரும். வயசானவங்க சோறு எறங்காமப் படுத்தாங்க. யூலியானா ஒரு நாள் படகுல உக்காந்து தண்ணியப் பாத்துக்கிட்டே, "எதோ ஒண்ணு புடிச்சு வச்சிருக்கு மாமா"ன்னா. மாமாங்கிறத அங்கம்மா சொல்லிக் குடுத்திருந்தா. வைரக்கண்ணு துடுப்பத்தான் பாத்தான்.

"சேறா இருக்கும்"ன்னான்.

இதுக்கு நடுவுல கம்பெனி வந்துச்சு. மஞ்சளாத்துக்கு உள்ள நாலு மைல்ல செம்பனை எண்ணெய் ஆலை ஒண்ணு இருக்கு. அதோட டேங்கர் கப்பலு ஆத்துவாயில நொழயணும். தீவு நடுவுல நின்னா எப்படி நொழயும்? வெளிய நாலு கப்பலு வரிசையில நிக்குது, உள்ள தொட்டி ரொம்பி வழியுது. கம்பெனிக்காகப் பேச ஒரு ஆபீசரு வந்தாரு, சுரியோனோன்னு பேரு. கருப்புக் குடை, மெல்லிசான கொரலு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால மன்னிக்கணும்னு சொல்ற மனுசன். கத்துற ஆளா இருந்தா வைரக்கண்ணு சமாளிச்சிருப்பான்.

"மன்னிக்கணும்"ன்னாரு அங்கம்மா கடை பெஞ்சுல உக்காந்து. "நாட்டுல எத்தன தீவுன்னு தலைநகரத்துல ஒரு பட்டியல் இருக்கு. கெழக்க இது காணாமப் போச்சுன்னு அடிச்சுட்டாங்க. மேக்க வந்துச்சுன்னு எழுத அந்தப் படிவத்துல எடம் இல்ல. எழுத்துப்படி பாத்தா இப்படி ஒரு தீவே இல்ல. இல்லாத ஒண்ண ஒடைச்சா யாருக்கும் நட்டம் இல்ல பாருங்க."

"ஒடைக்கிறதா?"

"சனிக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணி. வெடி வச்சு. மன்னிக்கணும். அவங்களுக்குக் கரையில கொட்டாய் போட்டுத் தர்றோம்."

"அதுல இருக்கிறவங்க எறங்க மாட்டாங்கய்யா"ன்னா அங்கம்மா. "அவங்க ஆளுங்க அங்கதான் பொதஞ்சிருக்காங்க."

"எறக்கிருவோம்"ன்னாரு, இன்னும் மெல்லிசா.

அன்னிக்குப் பூரா வைரக்கண்ணு ஒரு வாய்ச் சோறு சாப்புடல. அவனுக்குள்ள ஒரு குரல் சொல்லுது: பேசாம இருடா. ஒடைக்கட்டும். எறக்கி விடுவாங்க, அவளும் புள்ளயும் உன் வீட்டுக்குத்தான் வரணும், வேற எங்க போவாங்க? நீயா ஒண்ணும் பண்ணல, ஆபீசரு பண்ணுறாரு. புள்ள உன் காத இழுத்துக்கிட்டே வளரும். இன்னொரு குரல் ஒண்ணும் சொல்லல. கெழக்கு ஓரத்துல எங்கயோ ஒரு படகுத்துறையில குந்திக்கிட்டு, வெறுந்தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

வெள்ளிக்கெழம தீவச் சுத்தி ஓட்டை போட்டு ஒயர் இழுத்தாங்க. கம்பத்துச் சனம் கரையில நின்னு பாத்துச்சு. காப்பு கட்டியிருக்கிறதால ஒருத்தரும் எல்லை தாண்டி மேடானுக்குப் போயி மனுக் குடுக்க முடியல. அத நெனச்சப்பதான் வைரக்கண்ணுவுக்கு ஒறைச்சுச்சு. அந்தத் தீவும் அப்படித்தான நிக்குது? இழுத்துக் கட்டுன மாட்டுக்கு முன்னால நின்னு துப்பாக்கியத் தூக்குற மாதிரி. அத ஓட விடாமக் கட்டுனது ஆபீசரு இல்ல.

சனிக்கெழம காலையில எட்டு மணிக்கு ஒரு லுங்கி, ஒரு பொகையிலை டப்பா, பொண்டாட்டி போட்டோ மூணையும் துணிப்பையில போட்டுக்கிட்டு படகுல ஏறினான். முடிச்ச அவுத்துட்டு அதோடயே போயிருவோம், பையன நேர்ல பாத்து அங்கயே ஒரு வார்த்த சொல்லிருவோம்னு நெனப்பு. எல்லை தாண்டக் கூடாதுங்கிறது அந்த நேரம் அவன் தலையில ஏறல.

"பையி எதுக்கு வைரம்?"ன்னா அங்கம்மா.

"துணி தொவைக்க."

"போட்டோவையும் தொவைப்பியா?"

அவன் பதில் சொல்லல. அங்கம்மா அதுலயே பாதி புரிஞ்சுக்கிட்டா. அவன் பதில் சொல்லாம போனது அவளுக்குத் தெரிஞ்சு அதுதான் மொதத் தடவ.

தீவுல எல்லாரும் சர்ச்சுக்குள்ள குந்திப் பாடிக்கிட்டு இருந்தாங்க. அவங்கள எறக்க ஆபீசரு கூட்டியாந்த சிப்பாய்ங்க வாசல்ல நின்னு, பாட்டு முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. இவங்க பாட்ட முடிக்கவே இல்ல. வைரக்கண்ணு தோப்புக்குள்ள நொழஞ்சான். நொழஞ்சு பாத்தா முந்நூறு மரமும் ஒண்ணு போல. எந்த மரம்? அன்னிக்கு இருட்டுல கைக்குக் கெடச்சதுல கட்டுனது. புல்லு முழங்கால் ஒசரம் வளந்து கெடக்கு. ஒண்ணொண்ணா மண்டி போட்டுப் புல்ல வெலக்கிப் பாத்தான். பத்து மரம், இருவது மரம், அறுவது மரம். கடல் ஏற ஆரம்பிச்சுருச்சு, தீவு முக்குது, அடியில மொனகல் கேக்குது. ஒலிபெருக்கியில சுரியோனோ, "மன்னிக்கணும், இன்னும் ஒன்ற மணி நேரம்"னாரு.

முதுகுல யாரோ தட்டுன மாதிரி இருந்துச்சு. யூலியானா. இடுப்புல வைரா.

"சர்ச்சுல இருந்து பாத்தேன். என்ன தேடுறீங்க மாமா?"

வேற வழி இல்ல. சொன்னான். முழுசாச் சொன்னான், வேகமா, வசவு எதுவும் கலக்காம. அவ மொகம் கறுத்துச்சு. ஒரு நிமிசம், அடிக்கப் போறான்னு நெனச்சான். அடிச்சா வாங்கிக்கலாம்னும் நெனச்சான்.

"நண்டு கடிச்சும் முழிக்காத கழுத"ன்னா அவ, தமிழ்ல, சரியான எடத்துல. அப்பறம் புள்ளய எறக்கி விட்டு, "வைரா, தூங்குற மரம் எங்க?"ன்னா.

மத்த மரத்துல எல்லாம் காய் வெடிச்சு உள்ள செவப்பு ஜாதிப்பத்திரி தெரியறப்ப, ஒரே ஒரு மரத்துல மட்டும் பத்து நாளா ஒரு காய் கூட வாயத் தெறக்கலயாம். புள்ள அதுக்குத் தூங்குற மரம்னு பேரு வச்சு, தெனம் அத எழுப்பப் போகுமாம். குடுகுடுன்னு ஓடி ஒரு மரத்தக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. வைரக்கண்ணு புல்ல வெலக்குனான். கயிறு இருந்துச்சு. மரத்துப் பட்டைக்குள்ள பொதஞ்சு போயி.

வண்டிமாட்டு முடிச்சு, இழுக்க இழுக்க எறுகும். பத்து நாளா ஒரு தீவு இழுத்திருக்கு. முடிச்சு இரும்பா இருந்துச்சு. நகத்த விட்டான், நகம் பேந்துச்சு. அடுத்த விரல விட்டான், அதுவும் பேந்துச்சு. "கத்தி தர்றேன்"ன்னா யூலியானா. "கத்தி படக்கூடாது." "மணி பதினொண்ணு மாமா." "தெரியும்." ரத்தத்துல மஞ்சக் கயிறு வழுக்குது. குப்புறப் படுத்தான். "தாயே, இந்த வாயும் கையோட கூடப் பொறந்ததுதான், பொறுத்துக்க"ன்னு சொல்லிட்டு வாயக் கொண்டு போயி முடிச்சுல பல்ல வச்சான்.

அரை மணி நேரம். கம்பத்துல அவனப் பாத்த ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, அரை மணி நேரம் அந்த வாய் ஒரு சொல்லு பேசல. மஞ்சக் கசப்பும் மண்ணும் ரத்தமும் தொண்டையில எறங்குது, மேல சர்ச்சுப் பாட்டு, அடியில மொனகல். "மன்னிக்கணும், பதினஞ்சு நிமிசம்." சிப்பாய்ங்க பாட்டு நடுவுலயே உள்ள நொழயற சத்தம் கேட்டுச்சு, ஒரு கெழவி வீறிட்டுச்சு. "மன்னிக்கணும், பத்து." ஒரு பல்லு ஆடுச்சு. ஆடுன பல்லாலயே இழுத்தான். முடிச்சு ஒரு மயிரெழை நெகிழ்ந்துச்சு. விரல விட்டான்.

அவுந்துருச்சு.

தலைக்கு மேல, தூங்குற மரத்துல, ஒரு காய் படக்குன்னு வெடிச்சுச்சு. அப்பறம் இன்னொண்ணு. அப்பறம் மரம் பூரா.

கயித்தக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டே எந்திரிச்சான். மண்ணத் தொடக்கூடாது, ஒரு கைக்கு ஏறணும். யூலியானா கையில ஏத்துனா அவ எல்லைய விட்டுப் போக முடியாது, அவ இங்க நின்னா, ஒரு ஆளு கொறஞ்ச தீவு அவளத் தேடித் திரும்பி வந்துரும். புள்ளைக்கும் அதே கதை. வெளியாளு கையில ஏறாது. மிச்சம் இருக்கிறது ஒரு கைதான். வைரக்கண்ணு தோளுல தொங்குன துணிப்பையப் பாத்தான். லுங்கி, டப்பா, போட்டோ. கடைசியா அத எறக்கி யூலியானா கையில குடுத்தான்.

"இத அவன்கிட்ட குடுத்துரு. அவங்கம்மா போட்டோ இருக்கு. இந்தா, இத என் கையில கட்டு. மூணு சுத்து."

"நான் கட்டுனா நான்தான அவுக்கணும்?"

"ஆமா."

"அப்ப நான் வர்ற வரைக்கும்?"

"கெடக்கட்டும். சீக்கிரம் கட்டுடி, ஓட்டப் படகுக்குப் பொறந்த…"

"ஒடஞ்ச துடுப்பே"ன்னு முடிச்சுக்கிட்டே கட்டுனா. மூணாவது சுத்த இழுத்து எறுக்குனா. வைரா ரெண்டு காதையும் புடிச்சு ஒரு இழுப்பு இழுத்தா. கால் அடியில தரை லேசாத் தூக்குச்சு, மெத்தையில யாரோ பொரண்டு படுத்த மாதிரி. ஒயரெல்லாம் ஒண்ணொண்ணா டொப்பு டொப்புன்னு அறுந்துச்சு. சிப்பாய்ங்க சர்ச்ச விட்டுட்டுத் தண்ணிக்குள்ள தாவுனாங்க. வைரக்கண்ணுவும் ஓடிப் போயி, படகுக் கயித்த அவுத்து விட்டுட்டு, கடைசிப் பாறையில இருந்து குதிச்சான். மேல வந்து மூச்சு வாங்கிப் பாக்கறப்ப, தீவு ஒரு வேட்டி தூரம் தள்ளி இருந்துச்சு, அப்பறம் ஒரு தெரு தூரம். பாட்டு நிக்கவே இல்ல.

பன்னெண்டு மணிக்கு சுரியோனோ குடைய மடக்கிட்டு, "இடைஞ்சல் தானாக அகன்றது"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. வைரக்கண்ணுகிட்ட வந்து, "மன்னிக்கணும், உங்க வாயில ரத்தம் வருது"ன்னாரு.

"பேசிப் பேசிப் புண்ணு"ன்னான் அவன்.

திருவிழா முடிஞ்சுச்சு. அம்மன் காப்ப அவுத்தாச்சு, ஊருக் காப்ப அவுத்தாச்சு. அவன் கையில மட்டும் அப்படியே கெடந்துச்சு. ஊருல என்னென்னமோ சொல்லிப் பாத்தாங்க. கட்டுன கை வரட்டும்னுட்டான். சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு மேடான் போகல, ஆசுபத்திரிக்குப் போகல, ஆடுன பல்லு தானா விழுந்துச்சு. மஞ்ச கறுத்துக் கயிறு மட்டும் மிஞ்சுச்சு. அங்கம்மா வாங்கிக் குடுத்த கைக்கடியாரத்துல ரெண்டு மணி நேரம் கூட்டி வச்சுக்கிட்டு, மத்தியானச் சோத்தக் காலையிலயே கேட்டு அவகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்.

நாப்பத்தி ஒண்ணாம் நாள் போன் அடிச்சுச்சு.

"அப்பா. வந்துருச்சு." பின்னால ஆடு கத்துது, ஒரு புள்ள சிரிக்குது. "உன் கையில கயிறு இருக்காம்ல. அவ சொன்னா. அவுக்க வரணும்கிறா."

"வரட்டும்."

"நான் கால் வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

வைரக்கண்ணுவோட நாக்கு, பல்லு விழுந்த ஓட்டையத் துழாவுச்சு. "எவன்டா உன்னக் கரையில கால் வைக்கச் சொன்னது, பொணத்துக்கு வெத்தல மடிக்கிறவனே? தீவுலயே நில்லு. நான் கைய நீட்டுறேன்."

அந்தப் பக்கம் பையன் யூலியானாகிட்ட என்னமோ சொன்னான். அப்பறம், "அங்க தண்ணி எப்படிப்பா இருக்கு?"

"மஞ்சளாத்தான் இருக்கு. ஆனா செவப்பு இல்ல."

மறுநாள் காலையில, தீவுக்கோழி கூவுற நேரத்துக்கு, வைரக்கண்ணு படகு நெறைய மூங்கில் ஏத்திக்கிட்டுப் போனான். கப்பல் போற வழிய விட்டு வடக்கால ஒதுங்கி, அடி அடியா அளந்து, தண்ணிக்குள்ள மூங்கில நட்டு, பெருசா ஒரு வட்டம் போட்டு வச்சிருக்கான். பத்து கோயில் மைதானம் அளவுக்கு. அதுக்குள்ள யாராச்சும் வலையப் போட்டா, படகக் கட்டுனா, கரையில இருந்து அவன் கத்துற கத்து அக்கரைக்குக் கேக்கும்:

"எடுடா அத! அங்க ஆளு வர்ற எடம்!"